கொண்டைக்கு ஒரு ஜன்னல்

காஞ்சிபுரத்துக்குப் போகிறவர்களில் இரண்டு வகை. ஒன்று, கோயிலுக்குப் போகிறவர்கள். இன்னொன்று, புடவைக்குப் போகிறவர்கள். இரண்டையும் ஒரே நாளில் முடித்துக்கொண்டு, சாயங்காலம் காஞ்சிபுரம் இட்லி ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு சென்னை திரும்பும் புத்திசாலிகளும் உண்டு. நானும் புடவைக்குத்தான் போனேன். திரும்பி வரும்போது மண்டைக்குள் ஒரு தொப்பி உட்கார்ந்திருந்தது.

சித்திரை வெயில். பிள்ளையார்பாளையத்தில் தெரு நாய்கூட நடமாடவில்லை. தெரிந்தவர் சொல்லி அனுப்பிய ஒரு நெசவாளர் வீடு. உள்ளே தறிச் சத்தம். திண்ணையில் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா. மடியில் கத்தரிப்பூ நிறத்தில் உல்லன் நூல் உருண்டை, கையில் குரோஷா ஊசி. கண் என்மேல் இருக்க, கை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. என்ன பின்னுகிறார் என்று எட்டிப் பார்த்தேன். குளிருக்குப் போடுகிற கம்பளித் தொப்பி! காஞ்சிபுரத்தில்! சித்திரையில்!

"யாருக்கும்மா இது?"

"டொரன்டோல பேத்தி இருக்கா தம்பி. வர்ற குளிருக்குள்ள அனுப்பணும்."

அது சரி. ஆனால் தொப்பியின் உச்சியில் ஓர் ஓட்டை. எலுமிச்சம்பழம் தாராளமாகப் போய்வரலாம். இன்னும் முடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, "மேலே மூடணும் இல்லையா?" என்றேன்.

என்னை ஒரு மாதிரி பார்த்தார். "மூடிட்டா கொண்டை எங்க போவும்?"

அட!

நீங்களே யோசித்துப் பாருங்கள். உச்சந்தலையில் கொண்டை போட்ட ஒரு பெண் சாதாரணக் குல்லாயை மாட்டினால் என்ன ஆகும்? குல்லாய் காதுக்கு மேலேயே நின்றுவிடும். இழுத்துவிட்டால் கொண்டை நசுங்கும். கொண்டையை அவிழ்த்துவிட்டால் முடியெல்லாம் கழுத்துப்பட்டியில் சிக்கும். ஆக, தொப்பியின் கூரையில் ஒரு ஜன்னல். 2016-ம் வருடக் குளிர்காலத்தில் அமெரிக்கா, கனடா பக்கமெல்லாம் இந்த ஜன்னல் தொப்பிதான் பேச்சு. குரோஷா தெரிந்த வீட்டில் எல்லாம் பின்னித் தள்ளினார்கள். அந்த அலை கொஞ்சம் தாமதமாகப் பிள்ளையார்பாளையத்துத் திண்ணைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

அந்த அம்மா பின்னுகிற முறையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சாதாரணத் தொப்பியை உச்சியில் ஒரு சின்ன வளையம் போட்டு ஆரம்பிப்பார்கள். வளையத்தை இழுத்து முடிந்தால் ஓட்டை மறைந்துவிடும். இங்கே அந்த வளையத்துக்குப் பதிலாக, தலைமுடிக்குப் போடுகிற, துணி சுற்றிய ரப்பர் பேண்ட்! அதைச் சுற்றியே ஊசியை விட்டு விட்டு எடுத்து, நாற்பது ஐம்பது கண்ணிகள் போட்டு முதல் சுற்று. அப்புறம் இரண்டு மூன்று சுற்றுகளுக்கு நடுநடுவே ஒரே கண்ணியில் இரண்டு தையல் போட்டு அகலப்படுத்துகிறார். தலையின் சுற்றளவுக்கு வந்ததும் கூட்டுவதை நிறுத்திவிட்டு நேராகக் கீழே இறங்குகிறார். கடைசியில் நெற்றிப் பட்டி. அவ்வளவுதான் தொப்பி. ரப்பர் பேண்ட் கொண்டை நுழையும்போது விரியும், நுழைந்ததும் அடிக்கழுத்தைப் பிடித்துக்கொள்ளும். மொத்த நூலும் தடியான உல்லன் என்பதால் வேலை மளமளவென்று நடக்கிறது.

"ஒரு தொப்பிக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"நாலு சீரியல்" என்றார்.

இரண்டு மணி நேரம்!

வீடு திரும்பும்போது பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். தொப்பிக்கு ஓட்டை போடுவது ஒரு பெரிய விஷயமா? சரித்திரத்தைப் புரட்டினால், ஆமாம். தலைக்கும் தலைக்கு மேலே வைக்கிற வஸ்துவுக்கும் சண்டை வந்தபோதெல்லாம், பெரும்பாலும் தலையைத்தான் வளைத்திருக்கிறார்கள். தொப்பி வளைந்துகொடுத்தது அபூர்வம்.

இத்தனைக்கும் நம் மொழியில் இரண்டும் ஒன்றுதான். 'முடி' என்றால் கூந்தல். 'முடி' என்றால் கிரீடம். முடிசூட்டு விழாவும் முடி திருத்தகமும் ஒரே சொல்லில் இருந்து வந்தவை. காஞ்சி கைலாசநாதர் கோயிலுக்குப் போய், சுமார் 1,300 வருடங்களுக்கு முன்னால் ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய அந்தச் சுவர்களைச் சுற்றிப் பாருங்கள். சிவபெருமான் தலையில் இருப்பது தங்கக் கிரீடமல்ல. அவருடைய சடையையே தூக்கிக் கட்டிய சடாமகுடம். கூந்தலே கிரீடம், கிரீடமே கூந்தல். சங்க காலப் பாண்டியன் ஒருவனுக்குப் பெயரிலேயே குடுமி உண்டு. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி. பெண்களின் கூந்தலுக்கு 'ஐம்பால்' என்று ஒரு பெயர். ஐந்து விதமாக முடிப்பார்களாம். குடுமிப்பிடிச் சண்டை, குடுமி கையில் சிக்குவது என்று நாம் பேசும் பேச்சைப் பார்த்தாலே தெரியும், இந்த ஊரில் கொண்டையும் குடுமியும் வெறும் சிகையலங்காரம் அல்ல. மாறுவேடம் போட்ட வடிவேலுவே கொண்டையால்தானே மாட்டிக்கொள்கிறார்!

இந்தக் குடுமி ஒருமுறை போப்பாண்டவர் வரை போயிருக்கிறது. நிஜமாக.

1606-ல் மதுரைக்கு வந்தவர் ராபர்ட் டி நொபிலி. இத்தாலியப் பாதிரியார். காவி உடுத்தி, மரக்கறி சாப்பிட்டு, தமிழும் சமஸ்கிருதமும் தெலுங்கும் படித்து, பிராமணர்களிடம் போய்ப் பேசினார். கிறிஸ்தவத்துக்கு வந்தவர்களிடம், "குடுமியும் பூணூலும் இருக்கட்டும், அது உங்கள் சமூக வழக்கம்" என்று சொல்லிவிட்டார். பிரச்னை அவருடைய சொந்தக் கூட்டத்திலேயே ஆரம்பித்தது. அதே மதுரையில் அவருக்கு முன்பிருந்தே வேலை செய்துவந்த மூத்த பாதிரியார் ஒருவர், "இது என்ன அநியாயம்? குடுமியோடு ஒருவன் எப்படிக் கிறிஸ்தவன் ஆக முடியும்?" என்று மேலிடத்துக்குப் புகார் எழுதினார். கோவாவில் கூடிப் பேசினார்கள். தீரவில்லை. வழக்கு ரோமாபுரிக்குப் போனது. கடைசியில் 1623 ஜனவரி 31-ம் தேதி, போப் பதினைந்தாம் கிரகோரி, சில நிபந்தனைகளோடு குடுமியை அனுமதித்து ஆணை வெளியிட்டார். மதுரைக்காரன் தலையில் இருக்கும் ஒரு கொத்து முடிக்காக வாடிகனில் பேனா எடுத்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம் அடங்கவில்லை. இதில் தலை ஜெயித்தது.

அடுத்ததில் தோற்றது. அதுவும் ரத்தத்தோடு.

காஞ்சிபுரத்தில் இருந்து எழுபது கிலோமீட்டர் சொச்சம் தள்ளி வேலூர். 1805 நவம்பரில் சென்னை ராணுவத்தின் தளபதி சர் ஜான் கிரடாக்குக்கு ஒரு யோசனை. சிப்பாய்கள் ஆளுக்கொரு தினுசாகத் தலைப்பாகை கட்டுகிறார்கள், ராணுவம் என்றால் ஒரே மாதிரி இருக்க வேண்டாமா? புதுத் தலைப்பாகை வந்தது. பெயர்தான் தலைப்பாகை, பார்த்தால் தொப்பி. முன்னால் தோலில் ஒரு குஞ்சம். கூடவே உத்தரவுகள்: நெற்றியில் மதக் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது, மீசை நாங்கள் சொல்கிற அளவில் இருக்க வேண்டும்.

தோல் என்றால் எந்த மிருகத்தின் தோல்? இந்துவுக்கு ஒரு பயம், முஸ்லிமுக்கு ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம், அந்தத் தொப்பி. அந்த நாளில் 'தொப்பிக்காரன்' என்றாலே வெள்ளைக்காரன். தொப்பியை மாட்டிவிட்டு அடுத்தபடியாக ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள் என்று பேச்சு பரவியது. 1806 மே மாதம் வேலூரில் ஒரு படைப்பிரிவு தலைப்பாகையைத் தொட மாட்டோம் என்றது. இருபத்தொரு பேரைப் பிடித்து சென்னைக்கு அனுப்பினார்கள். பத்தொன்பது பேர் மன்னிப்புக் கேட்டுத் தப்பினார்கள். ஓர் இந்து, ஒரு முஸ்லிம், இரண்டு பேருக்கு மட்டும் கசையடி, பணிநீக்கம்.

அதோடு முடிந்தது என்று நினைத்தார்கள். கோட்டைக்குள் திப்பு சுல்தானின் குடும்பத்தைக் காவலில் வைத்திருந்தார்கள் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். ஜூலை 9-ம் தேதி திப்புவின் மகள் ஒருவருக்குத் திருமணம். மறுநாள் விடிவதற்கு முன்பே வெடித்துவிட்டது. தூங்கிக்கொண்டிருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் நூற்றுக்கும் மேல் செத்தார்கள். கோட்டையில் மைசூர்க் கொடி ஏறியது. ஆற்காட்டில் இருந்து கில்லஸ்பி என்கிற அதிகாரி குதிரைப் படையோடு பாய்ந்து வந்து, பகல் முடிவதற்குள் கோட்டையைத் திருப்பிப் பிடித்தார். அதன்பிறகு நடந்த பழிவாங்கலில் செத்த இந்தியச் சிப்பாய்கள் பல நூறு. சுவர் ஓரமாக நிற்கவைத்தே சுட்டிருக்கிறார்கள்.

தலைப்பாகை மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். சம்பளம், அவமானம், திப்பு என்று பல கணக்குகள் சேர்ந்திருந்தன. ஆனால் கம்பெனி என்ன செய்தது தெரியுமா? அந்த உத்தரவுகளை வாபஸ் வாங்கியது. தளபதி கிரடாக்கையும் கவர்னர் பென்டிங்க் பிரபுவையும் 1807-ல் திருப்பி அழைத்துக்கொண்டது. சில நூறு பிணங்களுக்குப் பிறகு, தலை அதன் இஷ்டத்துக்கு இருக்கட்டும் என்று ஒப்புக்கொண்டார்கள்.

இப்போது நம் கதையின் இரண்டு நூல்களும், கொண்டையும் பின்னல் வேலையும், ஒரே வீட்டில் சந்திக்கிற இடத்துக்கு வருகிறோம். அந்த வீடு திருநெல்வேலிச் சீமையில், இடையன்குடியில் இருந்தது.

வீட்டுக்காரர் ராபர்ட் கால்டுவெல். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-ல் கொடுத்தாரே, அவரேதான். அவர் குடுமியைப் பற்றியும் எழுதியிருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. 1867-ல் தனிச் சிறுநூலாகவே வந்தது. டி நொபிலி காலத்துப் பஞ்சாயத்து இருநூற்று ஐம்பது வருடம் கழித்து மறுபடி கிளம்பியிருந்தது. "கிறிஸ்தவன் ஆனாயா? வெட்டு குடுமியை!" என்று சில மிஷனரிகள் கத்தரியோடு நின்றார்கள். கால்டுவெல் அவர்களோடு சேரவில்லை. குடுமி மதச் சின்னமே அல்ல, அது இந்த மண்ணின் நாகரிக வழக்கம், கத்தரியைக் கீழே போடுங்கள் என்பது அவர் கட்சி. இலக்கணக்காரர் தலைமுடிக்கும் வேர்ச்சொல் தேடியிருக்கிறார்!

அவர் இப்படி எழுதிக்கொண்டிருந்த வீட்டில் அவர் மனைவி எலைசா, ஊர்ப் பெண்களை உட்காரவைத்து லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். எலைசா 1822-ல் நாகர்கோவிலில் பிறந்தவர், தமிழ் சரளம். லேஸ் வேலை அவருக்கு அம்மா வழிச் சீதனம். அம்மா மார்த்தா மால்ட், கணவர் சார்லஸோடு 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷன்காரர். அங்கே பெண்களுக்கு ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். படிப்போடு லேஸும். மெத்தைபோல ஒரு தலையணை, அதில் ஊசிகளைக் குத்தி, மரக்குச்சிகளில் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் லேஸ். அந்தக் காலத் திருவிதாங்கூரில் மனிதர்களை வாங்கி விற்றார்கள். 1855-ல்தான் அடிமை முறை ஒழிந்தது. ஆனால் அதற்கு முன்பே, அந்தப் பள்ளியின் பெண்களில் சிலர் லேஸ் பின்னிய கூலியைச் சேர்த்துவைத்துத் தங்கள் விடுதலையை விலை கொடுத்து வாங்கினார்கள்.

இந்த வரியை நான் இரண்டு தடவை படித்தேன். நீங்களும் படியுங்கள். வெள்ளைக்காரச் சீமாட்டிகளின் கழுத்துக்குப் பின்னிய ஒரு ஜான் லேஸில், கண்ணி கண்ணியாக ஒரு பெண்ணின் சுதந்திரம். மேலாடை போட்டுக்கொள்ளக்கூட உரிமை இல்லாத சாதிகளின் பெண்கள் அவர்கள். அந்தத் தோள்சீலைப் போராட்டத்துக்கு மன்னர் பணிந்தது 1859-ல்.

அது தலையணை லேஸ். நம் திண்ணை அம்மாவின் கையில் இருப்பது குரோஷா. இரண்டும் வேறு. 'குரோஷே' என்றால் பிரெஞ்சில் சின்னக் கொக்கி. அச்சில் வந்த குரோஷா மாதிரிகளில் பழையதாகத் தெரிவது, 1823 வாக்கில் ஹாலந்தில் ஒரு பெண்கள் பத்திரிகையில் வந்தது. அதாவது ஏதோ புராண காலத்துக் கலை மாதிரித் தெரிந்தாலும், வேலூர்க் கலகத்தைவிட இளையது. இதைச் சோற்றுக்கான வேலையாக மாற்றியது ஒரு பஞ்சம். 1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகிப்போய், பத்து லட்சம் பேர் செத்த பஞ்சம். கன்னிமடங்களில் குரோஷா சொல்லிக்கொடுத்தார்கள். வீட்டில் ஒரு கொக்கி ஊசியும் நூலும் இருந்தால் போதும், தறி வேண்டாம், இடம் வேண்டாம், விளக்கொளி போதும். பல குடும்பங்களுக்கு அந்த ஊசியில் இருந்துதான் கஞ்சி வந்தது. விக்டோரியா மகாராணியே பிற்பாடு குரோஷா பின்னினார். 1900-ல், தென்னாப்பிரிக்கப் போரில் இருந்த வீரர்களுக்கு எண்பது வயதில் எட்டு கழுத்துத் துண்டுகள்! (நம் அம்மாவாக இருந்தால், எட்டு துண்டுக்கு எத்தனை சீரியல் என்று சொல்லியிருப்பார்.)

கப்பல்களோடு குரோஷா இந்தியாவுக்கும் வந்தது. வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு தலை பாக்கி இருக்கிறது.

அந்தத் தலைக்குச் சொந்தக்காரர் சின்ன வயதில் கொஞ்ச காலம் இதே காஞ்சிபுரத்தில் பள்ளிக்கூடம் போனவர். அவருடைய அம்மாவின் அப்பாவுக்கு இங்கே கோர்ட்டில் உத்தியோகம். தாத்தாவுக்கு வேலை போனதும் குடும்பம் கும்பகோணத்துக்குத் திரும்பிவிட்டது. அங்கே அப்பா புடவைக் கடையில் கணக்கு எழுதினார். பையன் எழுதிய கணக்கு வேறு ரகம். சீனிவாச ராமானுஜன்.

கேம்பிரிட்ஜில் இருந்து ஹார்டி அழைப்பு விடுத்து, அம்மாவின் சம்மதத்துக்காக நாமகிரித் தாயார் கனவில் வர வேண்டியிருந்த கதை உங்களுக்குத் தெரியும். அதற்கு அடுத்த காட்சியைப் பார்ப்போம். 1914 மார்ச், சென்னை. கோட்டு தைத்தாகிவிட்டது, பூட்ஸ் வாங்கியாகிவிட்டது. பாக்கி இருப்பது குடுமி. இங்கிலாந்துக்குக் குடுமியோடு எப்படிப் போவது? தொப்பி எப்படி உட்காரும்? ராமானுஜன் முதலில் செய்த காரியம், அம்மாவையும் மனைவியையும் கும்பகோணத்துக்கு ரயிலேற்றி அனுப்பியது. அவர்கள் தன்னை அந்தக் கோலத்தில் பார்க்கக் கூடாது! அப்புறம்தான் கத்தரி. மார்ச் 17-ம் தேதி 'நெவாசா' கப்பல் கிளம்பியபோது, அதில் நின்றவர் கிராப்புத் தலையோடு கோட்டு போட்ட ஓர் ஆள்.

குடுமியை விட்டுக்கொடுத்தார், சாப்பாட்டை விட்டுக்கொடுக்கவில்லை, குளிர் அவரை விடவில்லை. கேம்பிரிட்ஜில் அவரைப் பார்க்கப் போன மகலனோபிஸ், பிற்பாடு நம் நாட்டுப் புள்ளியியலின் தந்தையாக ஆனவர், "ராத்திரி குளிருக்கு என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டாராம். ஓவர்கோட்டையும் சால்வையையும் சுற்றிக்கொண்டு படுத்தும் நடுங்குகிறது என்றிருக்கிறார் ராமானுஜன். மகலனோபிஸ் படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தால், மெத்தையில் கம்பளிகள் எல்லாம் ஒழுங்காகச் செருகி விரித்தபடி இருக்கின்றன. அதற்குள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது அந்த மேதைக்குத் தெரியவில்லை, மேலேயே படுத்திருக்கிறார். உள்ளே எப்படிப் புகுவது என்று மகலனோபிஸ் செய்து காட்டினார்.

எண்களின் முடிவிலிக்குள் நுழைந்து வந்தவர் கம்பளிக்குள் நுழையத் தெரியாமல் நடுங்கியதை எப்போது படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். 1919-ல் உடம்பு நொந்து திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ல், 32 வயதில் போய்விட்டார். குளிரும் நோயும்தான் காரணம், குடுமி இல்லை, தெரியும். ஆனாலும் பிள்ளையார்பாளையத்துத் திண்ணையில் அந்த ஓட்டைத் தொப்பியைக் கையில் வாங்கிப் பார்த்தபோது எனக்கு வந்த நினைப்பு அந்தத் தலைதான். ஓட்டையைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்திருந்தால் போதும்.

அப்புறம் நூறு வருடங்களில் தொப்பி மெதுவாக வளைய ஆரம்பித்தது. தலைப்பாகைக்கு மேல் ஹெல்மெட் போட முடியாது என்று சீக்கியர்கள் போராடி, 1976-ல் பிரிட்டனில் விலக்குச் சட்டம் வந்தது. சமீபத்தில், கனடாவின் ஒன்டாரியோவில் மூன்று பையன்களின் தாயான ஒரு சீக்கியப் பெண், கடை கடையாக ஏறி இறங்கியும் பிள்ளைகளின் கொண்டைக்குப் பொருந்துகிற சைக்கிள் ஹெல்மெட் கிடைக்காமல், தானே ஒன்றை வடிவமைத்து விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டார். உச்சியில் கொண்டைக்கு ஒரு மேடு. கம்பெனிகளுக்குத் தோன்றாதது அம்மாக்களுக்குத் தோன்றுகிறது. காரணம் எளிது. காலையில் அந்தத் தலையை வாரி விடுவது அவர்கள்தானே!

சரி, குரோஷாவுக்கு வருவோம். நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் இதன் அடக்க விலை என்ன என்று மனசு தானாகவே கணக்குப் போடும். இந்தத் தொப்பிக் கணக்கில் ஒரு விசித்திரம் இருக்கிறது.

கம்பிகளில் பின்னும் உல்லன் வேலைக்கு மெஷின் வந்து நானூறு வருடங்களுக்கு மேல் ஆகிறது. 1589-ல் வில்லியம் லீ என்கிற ஆங்கிலேயப் பாதிரியார் காலுறை பின்னும் இயந்திரம் செய்தார். எலிசபெத் மகாராணி அதற்குக் காப்புரிமை தர மறுத்துவிட்டார். இருந்தாலும் மெஷின் நிற்கவில்லை. இன்று திருப்பூரே அந்த மெஷினின் பேரப்பிள்ளைகள் மேல்தான் நிற்கிறது. பட்டுத் தறிக்கும் விசைத்தறி வந்துவிட்டது. உடலை ஒரு பாவிலும் கரையை வேறு பாவிலும் வைத்து, மூன்று நாடாக்கள் ஓட்டி, ஒவ்வொரு வரியிலும் இரண்டையும் கோர்த்து நெய்கிற கோர்வைப் புடவைதான் காஞ்சிபுரத்தின் மானம். அதைப் பார்த்துப் போலி செய்யும் விசைத்தறிப் புடவையும் கடையில் கிடைக்கிறது.

ஆனால் குரோஷாவுக்கு மட்டும் மெஷின் இல்லை. குரோஷா மெஷின் என்ற பெயரில் ஆலைகளில் ஓடுவது எல்லாம் வேறு வகைப் பின்னல், சாயல் மட்டும் அப்படி. ஒரு கண்ணிக்குள் கொக்கியை விட்டு, அடுத்த கண்ணியை இழுத்து, முந்தைய சுற்றின் எந்த இடத்தில் வேண்டுமானாலும் திரும்பக் குத்துகிற அந்தக் கைவேலையை மெஷினுக்குச் சொல்லிக்கொடுக்க ஆராய்ச்சிக்கூடங்களில் முயல்கிறார்கள். ஆலையில் உருட்டி எடுக்கிற அளவுக்கு இன்னும் வரவில்லை. இதற்கு என்ன அர்த்தம்? உலகத்தில் எந்தக் கடையில், எவ்வளவு மலிவாக ஒரு குரோஷா தொப்பி தொங்கினாலும், அதை யாரோ உட்கார்ந்து கையால் பின்னியிருக்கிறார்கள். மலிவு என்பது அந்தக் கையின் கூலியில் இருந்து எடுத்தது.

இதற்கு ஒரு பாடப் புத்தகம்போல இருக்கிற ஊர், ஆந்திராவின் மேற்கு கோதாவரியில் நர்சாபூர். 19-ம் நூற்றாண்டில் மிஷனரிகள் கொண்டுவந்த குரோஷா லேஸ், அந்த வட்டாரத்தில் லட்சத்துக்கும் மேலான பெண்களின் கைக்குப் போனது. 1970-களின் கடைசியில் மரியா மீஸ் என்கிற ஜெர்மன் சமூகவியலாளர் அங்கே தங்கி ஆராய்ந்தார். 1982-ல் புத்தகமாக வந்தது. அவர் கண்டது என்ன? ஒருத்தி பூ மட்டும் பின்னுவாள், இன்னொருத்தி பூக்களை இணைப்பாள். முழு மேசைவிரிப்பை இருவரும் பார்ப்பதில்லை. ஏஜென்ட் நூல் கொடுத்து லேஸை வாங்கிப் போவான். சரக்கு ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறும். நாளைக்கு ஆறு மணி, எட்டு மணி நேரம் உழைக்கிற அந்தப் பெண்களை, வியாபாரி, அரசாங்கம், வீட்டு ஆண்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே வார்த்தையில் முடித்தார்கள்: "வீட்டில் சும்மா இருக்கிறார்கள், பொழுதுபோக்குக்குப் பின்னுகிறார்கள்." பொழுதுபோக்குக்கு எதற்குக் கூலி உயர்வு? ஏற்றுமதிக்காரர்கள் மாடி கட்டினார்கள். 2024-ல் நர்சாபூர் லேஸுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. நல்லதுதான். நாகர்கோவிலில் விடுதலையே வாங்கித்தந்த லேஸ், நர்சாபூரில் ஏன் அரிசிக்குக்கூடத் திண்டாடியது என்பதுதான் என் கேள்வி. பின்னல் வேறுதான். ஆனால் கேள்வி, விலையை யார் சொல்கிறார்கள் என்பது.

இதையெல்லாம் படித்து முடித்த சூட்டில், புடவையை வாங்கிவர இரண்டாவது தடவை போனபோது, திண்ணையில் உட்கார்ந்து கேட்டேன்: "இந்தத் தொப்பியை விற்கவும் செய்றீங்களாம்மா?"

பேத்தியின் தலையைப் பார்த்துவிட்டு அவளுடைய தோழிகள் ஆறு பேர் கேட்டிருக்கிறார்களாம். பணம் அனுப்பத் தயார். எவ்வளவு என்று கேட்கிறார்களாம்.

"நூல் காசும் கூரியர் காசும் சொன்னேன் தம்பி. வேற என்னா வாங்கறது?"

புடவை பில்லின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். நூல். ரப்பர் பேண்ட். கூரியர். நாலாவதாக 'கூலி' என்று எழுதிக் கோடு போட்டேன்.

உள்ளே தறியில் இருந்து குரல். "அதுக்கு எதுக்கு சார் கூலி? சும்மா உக்காந்துகினு டிவி பாக்கறப்ப பின்றது."

தறிச் சத்தம் நின்றிருந்தது. அந்த அம்மா உள்பக்கம் திரும்பிப் பார்த்தார். நாற்பது வருடமாக அந்தத் தறிக்குத் தார் சுற்றிக் கொடுத்தவர். ஒரு புடவைக்கு இவ்வளவு என்று வருகிற கூலியில், தார் சுற்றியதற்குத் தனிக்கணக்கு கிடையாது. அது வீட்டு வேலை.

"நாலு சீரியலுக்கு ஒரு நாள் கூலில கால்வாசி" என்றேன். "அதுக்குக் கீழே சொல்லாதீங்க. அவங்க ஊரில் காபி அதைவிட அதிகம்."

என் கையில் இருந்த பேனாவை வாங்கினார். கொஞ்ச நேரம் யோசித்தார். நான் மனதில் வைத்திருந்ததைவிட நூறு ரூபாய் கூடுதலாக, நான்காவது வரிக்கு நேரே எழுதினார். எழுதிவிட்டு பில்லை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். என் புடவைக்கு பில் போச்சு!

அடுத்த மாதம் போன் வந்தது. ஆறு பேரும் சரி என்று சொல்லிவிட்டார்களாம். ஏழாவதாக ஓர் ஆர்டர் வந்திருக்கிறது, அதில்தான் ஒரு சந்தேகம் என்றார்.

"இது பொண்ணு இல்ல தம்பி. பேத்தியோட படிக்கிற பையன். குடுமி வெச்சிருக்கானாம். ஓட்டையை எவ்ளோ பின்னால தள்ளணும்?"